பதிவேட்டிற் பொருந்தா வரிகள்

பாய்மரக் கப்பல்கள் ஓடிய நாளில், கப்பல் செல்லும் வேகத்தை அறிய விரும்பிய மாலுமிகள் ஒரு மரத்துண்டைக் கயிற்றிற் கட்டிக் கப்பலின் பின்புறமாகக் கடலில் எறிவர். கயிற்றில் ஒத்த இடைவெளிகளில் முடிச்சுக்கள் இடப்பட்டிருக்கும். மணற்கடிகை வடிந்து தீர்வதற்குள் எத்தனை முடிச்சுக்கள் கையினின்றும் நழுவின என்று எண்ணி, அதனால் வேகத்தைக் கணித்து, ஓர் ஏட்டிலே குறித்து வைப்பர். மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர்; ஆதலின் அவ்வேடும் 'லாக் புத்தகம்' எனப்பட்டது. இக்காலத்துக் கணிப்பொறிகள் தாம் செய்யுஞ் செயல்களை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவேட்டுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. கப்பலேட்டை எழுதியவனும் மனிதன், படித்தவனும் மனிதன். இப்பதிவேட்டையோ எழுதுவதும் பொறி, பெரும்பாலும் படிப்பதும் பொறி. படிக்கும் பொறிக்கு ஒரு வரி விளங்காமற் போயின் நிகழ்வது யாது என்பதே ஈண்டு யாம் எழுதப் புகுந்த பொருள்.

முதலில் ஒரு வரியை நேரிற் காண்போம். இணையத்தின் வழியே பக்கங்களை வழங்கும் சர்வர்களுள் 1995ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பாச்சி என்பது பெயர் பெற்றது. அதன் பதிவேட்டில், யாவர்க்கும் பொதுவாக வகுக்கப்பட்ட முறைப்படி, ஒரு வரி இவ்வாறு இருக்கும். ஆங்கில எழுத்துக்களைத் தமிழிற் பெயர்த்துத் தருகின்றோம்:

192.0.2.7 - 4127 [12/மார்ச்/2024:10:15:32 +0530] "கெட் /பாடம் எச்டிடிபி/1.1" 200 2326

இதில் ஏழு கூறுகள் உள. முதலில் நிற்பது கேட்டவரின் முகவரி. அடுத்துள்ள சிறு கோடு, கேட்டவரது கணிப்பொறி தன்னைப்பற்றித் தெரிவிக்க வேண்டிய அடையாளம் கிடைத்திலது என்பதைக் காட்டும்; அவ்வடையாளத்தை இந்நாளில் ஏறக்குறைய எவரும் கேட்பதில்லை, ஆயினும் அதற்குரிய இடம் மட்டும் பழைய வீட்டின் திண்ணைபோல் நின்றுவிட்டது. மூன்றாவது, கடவுச்சொல் கூறி உட்புகுந்தவரின் பெயர் அல்லது எண். பின்னர் நாளும் நேரமும். பின்னர், மேற்கோட் குறிகளுக்குள், கேட்கப்பட்ட பொருள். பின்னர், கேட்டது நிறைவேறியதா என்பதை உணர்த்தும் நிலைக்குறி. ஈற்றில், அனுப்பப்பட்ட விடையின் அளவு பைட்டுகளில்.

இவ்வகை வரிகள் ஒரு நாளில் இலட்சக்கணக்கிற் சேரும். அவற்றினின்று வேண்டுங் கூறுகளைப் பிரித்தெடுக்க உதவுங் கருவியே ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். இதனைத் தமிழ் மாணாக்கர்க்கு விளக்குதல் அரிதன்று. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றனைக் கொண்டு முடியும் என யாப்பிற் படித்திருக்கின்றோம். அவ்வாய்பாடு எந்தச் சொல்லையுங் குறிப்பதன்று; சொல்லின் வடிவத்தைக் குறிப்பது. ரெஜெக்ஸும் அத்தகையதோர் வாய்பாடே. [0-9] என்பது ஏதேனும் ஓர் இலக்கம். அதன்பின் + இட்டால் ஒன்றோ பலவோ ஆகிய இலக்கங்கள். * இட்டால் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். | என்னுங் கோடு 'இது அல்லது அது' என்னும் பொருளது. பிறை வளைவுகளுக்குள் அடைபட்ட பகுதி பிரித்தெடுத்து நமக்குத் தரப்படும். இக்கட்டுரையில் இனி இதனை வாய்பாடு என்றே வழங்குவோம்.

இதன் தோற்றம் கணிதத்தினின்று வந்தது. ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்க அறிஞர் 1951இல் எழுதி 1956இல் அச்சேறிய ஆய்வொன்றில் இக்கருத்தை நிறுவினார். 1968இல் கென் தாம்சன் என்பவர், எழுத்துக்களினூடே வாய்பாட்டைத் தேடிக் காணும் நெறியொன்றைக் கணிப்பொறிக்கு ஏற்ப வகுத்து வெளியிட்டார். கணிதத்திலே வினவப்படுவது ஒன்றுதான்: இவ்வெழுத்துத் தொடர் இவ்வாய்பாட்டுக்குப் பொருந்துமா, பொருந்தாதா? ஆம் என்பதும் ஒரு விடை. இல்லை என்பதும் அதற்கு நிகரான விடை. கூறுகளைப் பிரித்தெடுக்கும் தொழிலில் இறங்கிய நாமோ ஆம் என்ற வரிகளை வாரிக்கொண்டு, இல்லை என்றவற்றைத் திரும்பியும் பாராது போகின்றோம்.

இதனை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லேம். சில ஆண்டுகட்கு முன்னர் மாணாக்கர் தம் பயிற்சித் தாள்களை இணையத்தின் வழியே அனுப்பவேண்டும் என்றும், மாலை 5 மணிக்குப் பின் வருவன ஏற்கப்படா என்றும் ஒரு வகுப்பில் ஏற்பாடு செய்திருந்தோம். எவர் எப்பொழுது அனுப்பினார் என்பதைச் சர்வரின் பதிவேட்டினின்று பிரித்தெடுக்கும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவர் யாமே. முகவரிக்கு யாம் அமைத்த வாய்பாடு, புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் என்பது. யாம் அதுவரை கண்டிருந்த முகவரி யாவும் அவ்வடிவினவே.

நிரலை முதன்முறை ஓட்டியபோது அது இடைவழியில் நின்றுபோயிற்று. பைத்தானில் ஒரு வரி வாய்பாட்டுக்குப் பொருந்தாவிடின், 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் தனி விடை கிடைக்கும். அவ்வொன்றுமில்லாததன் முதற்கூற்றைத் தருக என்று கேட்டால் பொறி என் செய்யும்? பிழை என்று முறையிட்டு நின்றுவிடும். யாம் நின்ற வரியைத் திறந்து பார்த்தோம். எவரோ இணைப்பை உண்டாக்கி, ஒன்றும் கேளாமலே விட்டுச் சென்றதன் சுவடு அது. மேற்கோட் குறிகளுக்குள் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. ஓயாது இணையத்தைத் துழாவித் திரியுந் தானியங்கி நிரல்கள் இத்தகைய குப்பையை எல்லாப் பதிவேடுகளிலும் இட்டுச் செல்வது வழக்கம். ஆகவே, பொருந்தாத வரி வரின் விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் செல்க என்று ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தோம். நிரல் தடையின்றி ஓடி முடிந்தது. பட்டியலை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

இருபதுக்கு மேற்பட்டோர் பெயர்க்கு நேரே 'அனுப்பவில்லை' என்றிருந்தது. மறுநாட் காலை அவருள் ஒருவர் வந்து, "ஐயா, நான் நான்கு மணிக்கே அனுப்பிவிட்டேன்; பெற்றுக்கொள்ளப்பட்டது என்று கைப்பேசியில் வந்ததே" என்றார். "தம்பி, பதிவேட்டில் உன் எண் இல்லையே" என்றோம். அவர் மேலும் வாதிட்டிலர், தலைகுனிந்து நின்றார். அம்மாணவர் பொய்யுரைப்பவரல்லர் என்பதை அறிந்திருந்தமையால், அவர் சென்றபின் மனம் அமைதியுறாது, பதிவேட்டைத் திறந்து அவரது எண்ணை வாய்பாடு ஏதுமின்றி வெறுங்கண்ணாற் தேடினோம். அவர் கூறிய நேரத்திலேயே அவ்வரி இருந்தது! அதன் முதலில் நின்ற முகவரியோ புள்ளிகளாற் பிரிந்த நான்கு எண்களன்று. எண்களும் ஆங்கில எழுத்துக்களும் விரவி, முக்காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நெடியதொரு தொடர்.

பழைய முகவரி முறை 32 பிட்டுகளால் ஆனது. அதனால் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகிலுள்ள கருவிகட்கு அது போதாதாகவே 128 பிட்டுகளையுடைய ஆறாம் பதிப்பு முகவரி 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. கைப்பேசி நிறுவனங்கள் இதனைப் பெரிதும் மேற்கொண்டுள்ளன. எங்கள் பட்டியலில் அனுப்பவில்லை எனக் குறிக்கப்பட்டோர் யாவரும் கைப்பேசியினின்று அனுப்பியோர். விடுதியிலிருந்தோர் கல்லூரிக் கணிப்பொறி அறையினின்று அனுப்பியமையால் ஒருவரும் விடுபட்டிலர். வீட்டினின்று நாள்தோறும் வந்து செல்வோரும், கைப்பேசியன்றி வேறு கருவி இல்லாதோருமே அகப்பட்டுக்கொண்டனர். பொருந்தாத வரிகள் சீட்டுக் குலுக்கியதுபோல ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாக விழுவன என்று யாம் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. ஏதோவொரு காரணத்தாற் பொருந்தாமற் போவன, அக்காரணத்தால் ஓரினமாய்த் திரண்டே போகின்றன.

நிற்க. ஒரு வரி பொருந்தாமைக்கு இஃதொன்றே காரணமன்று. மேலே கண்ட குப்பை வரி நமக்கு வேண்டாதது. அது பொருந்தாமையே முறை. பிழைகளைக் குறிக்கும் வேறு சில பதிவேடுகளில் ஒரே செய்தி பல வரிகளில் நீளும். முதல் வரியன்றி மற்றவை தனித்துப் பொருளற்றவை. அவற்றை முதல் வரியோடு சேர்த்துவிட்டே வாய்பாட்டை இடவேண்டும். வட்டில் இடமின்மையால் ஒரு வரி நடுவே அறுந்துபோதலும் உண்டு.

இவற்றினும் நுண்ணியது, கூறு இல்லை என்பதைப் பதிவேடே சொல்லும் இடம். ஒருவர் ஒரு பக்கத்தை முன்னரே பெற்றுத் தம் கணிப்பொறியில் வைத்திருந்து, அது மாறியுளதா என்று மட்டும் கேட்பாராயின், சர்வர் 'மாறவில்லை' என்பதைக் குறிக்கும் 304 என்னும் நிலைக்குறியை விடுத்து, பக்கத்தை மீண்டும் அனுப்பாது விடும். அப்பொழுது வரியின் ஈற்றில், அளவு நிற்கவேண்டிய இடத்தில், எண்ணுக்கு மாறாக ஒரு சிறு கோடு நிற்கும். அளவுக்கு ([0-9]+) என்று வாய்பாடு அமைத்தவர்க்கு இவ்வரிகள் முழுதுமே மறைந்துபோம். அளவு தெரியாமற் போவதோடு நில்லாது, அவ்வாசகர் வந்தார் என்னும் செய்தியும் உடன் அழியும். தளத்துக்கு அடிக்கடி வருவோரே இத்தகைய வரிகளை மிகுதியும் உண்டாக்குவர் என்பதை எண்ணிப் பார்க்க.

இங்கே இன்னொன்று காண்க. மூன்றாங் கூற்றில் நிற்குங் கோடும் ஈற்றில் நிற்குங் கோடும் வடிவில் ஒன்றே, பொருளில் வேறு. மூன்றாங் கூற்றிற் கோடு, வந்தவர் இன்னார் என்பது தெரியாது என்னும் பொருளது. ஈற்றிற் கோடு, அனுப்பிய அளவு சுழியம் என்னும் பொருளது. அதற்கு ஈடாகச் சுழியத்தையே எழுதுமாறு அப்பாச்சியை அமைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே, கோடு எங்கு வரினும் சுழியம் என்று மாற்றுவோர் பெயரற்றோரை எல்லாம் 0 என்னும் ஒரு மனிதராக்கிவிடுவர். கோடு எங்கு வரினும் 'தெரியாது' என்று கொள்வோர், தெரிந்ததொன்றைத் தெரியாததாக்குவர். பத்துக் கேள்விகளுள் ஆறுக்குத் தலைக்கு 2000 பைட்டுகளும் நான்குக்கு ஒன்றுமில்லாமலும் அனுப்பப்பட்டிருப்பின், கேள்வியொன்றுக்குச் சராசரி 1200. அந்நான்கையும் கழித்துவிட்டாற் சராசரி 2000. சர்வரின் சுமையை அறிய முன்னது வேண்டும். பக்கத்தின் பருமையை அறியப் பின்னது வேண்டும். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என எழுதுவதும் ஒன்றுமெழுதாது விடுவதும் ஒன்றாகுமோ? பின்னதில் ஆசிரியர் பெயரை அழைக்க மறந்திருக்கவுங் கூடும்.

இனி, பொருந்தாமை நேர்ந்துழி வெவ்வேறு மொழிகள் ஒழுகும் விதம் வேடிக்கையானது. பைத்தான் தடுக்கி விழுந்து கூக்குரலிடும் என்றோம். அதுவே நல்லொழுக்கம் என்பது யாம் காலந்தாழ்ந்து உணர்ந்தது. ஜாவாவும் அவ்வாறே முறையிடும். கோ மொழியில் வரி முழுதும் பொருந்தாவிடின் வெறுமை கிடைக்கும். ஆனால் வரி பொருந்தி, அதில் விருப்பக் கூறொன்று மட்டும் இல்லாதிருப்பின், வழக்கமான முறையில் அதற்கு எழுத்தற்ற வெற்றுத் தொடரே கிடைக்கும். கூறு இருந்து அதனுள் ஒன்றுமில்லையா, கூறே இல்லையா என்பதை அவ்விடையால் அறிதல் இயலாது.

பெர்ல் மொழியின் வழக்கம் இவற்றினும் அச்சந்தருவது. அதில் ஒரு பொருத்தம் தோல்வியுற்றால், முன்னர் வெற்றியுற்ற பொருத்தத்தாற் கிடைத்த பகுதி அழியாது அப்படியே நிற்கும். ஒரே வரியில் முதலில் நிலைக்குறியைப் பிரித்தெடுத்து, அடுத்து அளவைப் பிரிக்க முயன்று, வெற்றியா தோல்வியா என்று சோதியாது எடுத்தெழுதினால், அளவு என்று நாம் எழுதுவது பழைய நிலைக்குறியாகிய 304 ஆகும். 304 பைட்டுகள் என்பது நம்பத்தகாத அளவன்றே! கண்டோர் எவரும் ஐயுறார்.

ஆர் என்னும் புள்ளியியல் மொழியில் பொருந்திய பகுதிகளைத் தொகுத்துத் தரும் செயலொன்று, பொருந்தாத உறுப்புக்களைச் சொல்லாமலே விட்டுவிடும்; பத்துக் கொடுத்தால் ஒன்பது திரும்பும். பைத்தானிலும் வரிவரியாகப் படியாது, பதிவேட்டை முழுதாய் வைத்துக்கொண்டு, பெயர்களை ஒரு பட்டியலாகவும் அளவுகளை மற்றொரு பட்டியலாகவும் தனித்தனியே திரட்டுவோர்க்கு இதே கதி நேரும். நான்காம் வரியின் அளவு பொருந்தாவிடின், ஐந்தாம் வரியின் அளவு நான்காமவர் பெயரோடு சேரும். பின் வருவன யாவும் ஓரிடந் தள்ளி நிற்கும். இரு பட்டியல்களையும் இணைக்குஞ் செயல் குறுகிய பட்டியல் தீர்ந்தவுடன் வாளாவிருந்துவிடும். ஒரு வரி இழந்ததோடு போகாது, எஞ்சிய வரிகளெல்லாம் பிறர் உடைமையைத் தாங்கி நிற்கும்.

ஆயின் செய்யத்தக்கது யாது? சிலர், வாய்பாட்டைத் தளர்த்திவிட்டால் எல்லாம் பொருந்தும் என்பர். + இருந்த இடத்தில் * இடுவர், கூற்றின்பின்? இட்டு, இருப்பினும் இருக்கலாம் இல்லாவிடினும் ஆம் என்பர். இது நோயை மறைக்கும் மருந்து. [0-9]* என்பது இலக்கமே இல்லாத வரியிலும் ஒன்றுமில்லாமையோடு பொருந்தி மகிழும். .*?([0-9]+)? என்று எழுதுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இதன் முற்பகுதி இயன்றவரை குறைவாக எடுத்துக்கொள்ளும் இயல்பினது. பிற்பகுதி இல்லாமலும் அமையும். ஆகவே எழுத்தொன்றில் தொடங்கும் வரியில், ஈற்றில் அளவு தெளிவாக இருப்பினும், இவ்வாய்பாடு வரியின் தொடக்கத்திலேயே ஒன்றையும் கொள்ளாது 'பொருந்திற்று' என்று கூறி நின்றுவிடும். பொருந்தாத வரி தன்னைக் காட்டிக்கொடுக்கும். பொய்யாகப் பொருந்திய வரி காட்டிக்கொடுக்காது.

தளர்த்தாது, பதிவேட்டின் வழக்கத்தை அறிந்து விரித்தலே வழி. அளவுக்கு ([0-9]+|-) என்றமைத்தால், இலக்கங்களையும் கோட்டையும் ஏற்கும், வேறெதையும் ஏற்காது. கோட்டை அதன்பின் சுழியமாக்குவதா என்பதை நிரலில் தனியே, வெளிப்படையாக, எழுதலாம். முகவரிக்கு, எண்கள் இத்தனை என்று கட்டளையிடாது, ([^ ]+), அதாவது இடைவெளியல்லாத எவையேனும், என்றமைத்தாற் போதும். கூறுகளை இடைவெளியாற் பிரித்தல் இப்பதிவேட்டின் மரபாதலின் இதுவே மெய்யான எல்லை. வரியின் தொடக்கத்தை ^ என்னுங் குறியாலும் முடிவை $ என்னுங் குறியாலும் கட்டிவிட்டால், நடுவிலே எங்கேனும் தற்செயலாய்ப் பொருந்தும் இழிவு நேராது.

அதன் பின்னரும் பொருந்தாதன இருக்கும். அவற்றை எறிந்துவிடாது, வரி எண்ணோடு தனிக் கோப்பில் எழுதுவித்தல் வேண்டும். பதிவுகளைத் திரட்டும் லாக்ஸ்டாஷ் என்னும் கருவி இதனை இயல்பாகவே செய்கின்றது; வாய்பாட்டுக்குப் பொருந்தாத வரியை முழுதாய் வைத்துக்கொண்டு, பிரித்தல் தோல்வியுற்றது என்னும் அடையாளச் சீட்டை அதன்மேல் ஒட்டி அனுப்பும். படித்த வரிகளின் தொகை, பொருந்தியவற்றின் தொகையையும் பொருந்தாதவற்றின் தொகையையும் கூட்டியதற்குச் சமமா என்று நிரலே இறுதியிற் கணக்குக் காட்டவேண்டும். கடையின் பேரேட்டை மூடுமுன் வரவுஞ் செலவும் ஒத்துப் பார்க்கும் கணக்கப்பிள்ளை இதிற் கூடுதலாய் ஒன்றுஞ் செய்வதில்லை. நேற்று ஆயிரத்துக்கு இரண்டாயிருந்த பொருந்தாமை இன்று ஆயிரத்துக்கு நூறாயின், எங்கோ எவரோ பதிவேட்டின் அமைப்பை மாற்றிவிட்டனர் என்பது அன்றைக்கே விளங்கும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. அக்கோப்பிலுள்ள வரிகளைக் கண்ணாற் படித்தலும் வேண்டும். முதல் வரியை மட்டும் பார்த்தலாகாது. யாம் பார்த்த முதல் வரி குப்பையாயிருந்தமையாலன்றோ மற்றவற்றையும் குப்பை என்று துணிந்தோம்! கோப்பின் பல இடங்களினின்றும் இருபது முப்பது வரிகளை எடுத்துப் பார்த்திருந்தால், முக்காற்புள்ளி முகவரிகள் அரைமணி நேரத்தில் அகப்பட்டிருக்கும்.

வாய்பாட்டைத் திருத்தியமைத்து நிரலை மீண்டும் ஓட்டினோம். விடுபட்டோருள் அனைவரும் 5 மணிக்கு முன்னரே அனுப்பியிருந்தமை தெரிந்தது. புதிய பட்டியலை ஒட்டி, முதலில் வந்த மாணவரை அழைத்து எமது பிழையை ஒப்புக்கொண்டோம். அவர், "பரவாயில்லை ஐயா" என்றார். முன்னாள் அவ்வாறு நின்ற நிலை எமக்கு மறந்திலது. பொருந்தாதவற்றின் கோப்பில் அப்பொழுது எஞ்சியவை பதினொரு வரிகள். பத்து, கேள்வியற்ற குப்பை. பதினொன்றாவது அறுந்துபோன வரி: முகவரியும், ஒரு சிறு கோடும், மாணவர் எண்ணின் முதலிரண்டு இலக்கங்களாகிய 41 என்பதும் மட்டும் இருந்தன. அவ்வகுப்பில் 41 என்று தொடங்கும் எண்ணுடையோர் எல்லார்க்கும் வேறு வரிகள் முழுமையாய் இருந்தமையால் எவர்க்கும் இழப்பில்லை. அவ்வரிக்கு உரியவர் எவர் என்னும் இடத்தில் 'தெரியாது' என்றே எழுதி வைத்துள்ளோம்.